பச்சையெல்லாம் காடா?

போன தைப்பூசத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு நண்பர் இங்கே மொரீஷியஸுக்கு வந்திருந்தார். காட்ர் போர்னில் உள்ள மலைக்கோவிலுக்குக் கூட்டிப்போனேன். கோர் த கார்ட் மலையின் இடுப்பில் இருக்கிறது அந்த முருகன் கோவில். காவடி எடுத்தவர்கள் படியேறி வரும்வரை ஒரு நிழலில் ஒதுங்கி நின்றோம். மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "எங்க ஊர்ல மலையையே குவாரிக்காரன் தின்னுட்டான். நீங்க காட்டுல கை வைக்காம வெச்சிருக்கீங்களே!"

சிரிப்பதா, சும்மா இருப்பதா என்று தெரியவில்லை. அவர் கைகாட்டிய பச்சையில் பெரும்பகுதி கப்பலேறி வந்தது. கீழே கரும்பு, 1639-ல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தது. மேலே புதரும் கொடியுமாக அடர்ந்திருப்பவற்றுக்கும் பிரேசில், மடகாஸ்கர், இலங்கை, இந்தியா என்று ஆளுக்கொரு பூர்வீகம். மொரீஷியஸின் சொந்தக் காடு நல்ல நிலையில் இன்று நூற்றில் 2 பங்குகூட மிச்சமில்லை.

நண்பரைக் குறை சொல்ல முடியாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அப்படித்தான் பேசுகிறோம். 2020 ஜூலை 25-ல் வகாஷியோ கப்பல் பவளப்பாறையில் மோதி, ஆகஸ்டில் சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில் கொட்டியபோது தீவே கடற்கரைக்கு ஓடியது. கரும்புச் சோகையைச் சாக்கில் அடைத்து, மிதவை கட்டி எண்ணெயைத் தடுத்தார்கள். செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். ஆனால் எண்ணெய் கருப்பாக இருந்ததால் கண்ணில் பட்டது. பச்சையாக வரும் கேடு கண்ணில் படுவதில்லை. சுற்றுச்சூழல் என்றதும் புகை, பிளாஸ்டிக், வெட்டிய மரம், அப்புறம் "ஆளுக்கு ஒரு மரம் நடுவோம்". என்ன மரம் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். மனிதன் வெட்டியும் கொன்றும் இந்தத் தீவை மாற்றியது ஒரு பங்கு என்றால், கூடவே கொண்டுவந்து இறக்கியவற்றால் மாற்றியது பல பங்கு.

பூட்டே இல்லாத வீடு

திருட்டு என்றால் என்னவென்றே தெரியாத ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கதவுக்குப் பூட்டு இருக்காது. பூட்டுக்குச் செலவழிப்பவனைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்கும். ஒருநாள் பத்துத் திருடர்கள் வந்து இறங்குகிறார்கள். ஊர்க்காரர்களை முட்டாள்கள் என்போமா?

மொரீஷியஸ் அப்படிப்பட்ட ஊர். ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடி எரிமலை கக்கி எழுந்த தீவு இது. எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. பறந்து வந்தவை, நீந்தி வந்தவை, கட்டையோடு மிதந்து வந்தவை, காற்றில் மிதந்த விதைகள் என இவை மட்டுமே இங்கே வந்து சேர்ந்தன. பூனை, நாய், குரங்கு, பன்றி, எலி எதுவும் இல்லை. தரையில் வாழும் பாலூட்டி ஒன்றுகூட இல்லை. இருந்த பாலூட்டி வௌவால் மட்டும்தான்.

புறாக் குடும்பத்துப் பறவை ஒன்று இங்கே வந்து சேர்ந்தது. பறப்பது செலவு பிடித்த வேலை. மார்புத் தசையை வளர்க்க வேண்டும், ஓயாமல் தீனி தேட வேண்டும். துரத்த ஆளில்லாத ஊரில் எதற்குப் பறப்பது? தலைமுறை தலைமுறையாக உடல் பெருத்தது, இறக்கை சிறுத்தது, கூடு தரைக்கு இறங்கியது. டோடோ என்று நாம் சொல்வது அந்தப் புறாவைத்தான். அதை மந்தப் பறவை என்று கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இருந்த ஊருக்கு ஏற்ற உடம்போடுதான் அது இருந்தது.

இப்படி ஓர் இடத்தில் உருவாகி, உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினத்தை ஓரிடவாழ்வி என்பார்கள். மொரீஷியஸின் சொந்தப் பூக்கும் தாவரங்கள் கிட்டத்தட்ட 700 வகை. அவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு ஓரிடவாழ்விகள். இங்கே அழிந்தால் உலகத்திலேயே இல்லை.

டோடோவை யார் கொன்றது?

"டச்சு மாலுமிகள் அடித்துத் தின்றே தீர்த்துவிட்டார்கள்." பள்ளிக்கூடத்தில் நானும் இப்படித்தான் படித்தேன். தின்றார்கள், உண்மைதான். ஆனால் கணக்கு இடிக்கிறது. டச்சுக்காரர்கள் முதலில் இறங்கியது 1598-ல். குடியேறியது 1638-ல். அப்போதும் குடியிருப்பு சில நூறு பேரைத் தாண்டவில்லை. சாலை இல்லாத அடர்காட்டுத் தீவு. டோடோவை உயிரோடு பார்த்ததாகப் பலரும் ஏற்கும் கடைசிப் பதிவு 1662-ஐச் சேர்ந்தது. கையளவு ஆட்கள் கம்போடு அலைந்து 60 சொச்சம் ஆண்டுகளில் தீவு முழுக்க ஓர் இனத்தை முடிக்க முடியுமா?

கப்பலில் வந்தவர்கள் மனிதர்கள் மட்டுமில்லையே. பன்றிகளை அவிழ்த்துவிட்டார்கள். எலிகள் தாமாகவே இறங்கின. ஜாவாப் பக்கத்துக் குரங்குகளும் வந்தன. மனிதன் இரவில் தூங்குவான், பன்றியும் எலியும் தூங்காது. மனிதன் போக முடியாத பள்ளத்தாக்கில் குரங்கு போகும். தரையில் கிடக்கும் முட்டை அவற்றுக்கு விருந்து. வளர்ந்த பறவைகள் சில காலம் உயிரோடு திரிந்திருக்கும், குஞ்சு மட்டும் பிழைத்திருக்காது.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மனிதன் கையால் செய்யும் சேதம் அவன் போன இடத்தோடு நின்றுவிடும். அவன் இறக்கிவிட்ட உயிர் குட்டி போட்டு, விதை தூவி, அவன் செத்த பிறகும் போய்க்கொண்டே இருக்கும். டச்சுக்காரர்கள் 1710-ல் தீவைவிட்டே போய்விட்டார்கள். எலியும் குரங்கும் போகவில்லை.

வந்தவை எல்லாம் கெடுதலா?

இங்கேதான் பேச்சு குழம்புகிறது. வெளியிலிருந்து மனிதனால் வந்த எந்த உயிரினமும் அயல் இனம். அப்படிப் பார்த்தால் நம் வீட்டுக் கொல்லை முழுக்க அயல் இனம்தான். லிச்சி, மா, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் வந்தவை. முருங்கைக்கீரையை இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் 'ப்ரேத் முரும்' என்கிறார்கள், கறிவேப்பிலையைக் 'கரிபுலே' என்கிறார்கள். பெயரையும் நம்மவர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இவற்றால் காட்டுக்குப் பெரிய தொல்லை இல்லை. கரும்பைக்கூட இரண்டு வருடம் கவனிக்காமல் விட்டால் களை மூடிவிடும், அது மலையேறிக் காட்டுக்குள் போகாது. (கரும்புக்காகக் காட்டை அழித்தது வேறு கதை. அதைச் செய்தது கரும்பு இல்லை, நாம்.)

அயல் இனங்களில் சில மட்டும் யார் உதவியும் இல்லாமல் தாமே பெருகி, இருந்தவற்றை நெருக்கித் தள்ளிவிடும். அவற்றுக்குத்தான் ஆக்கிரமிப்பு இனம் என்று பெயர். வந்ததா என்பது கேள்வியே இல்லை. வந்த பிறகு என்ன செய்கிறது என்பதே கேள்வி.

நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கோயாவ் தெ ஷீன், சீனக் கொய்யா. பெயரில்தான் சீனா, ஊர் பிரேசில். மார்ச்சுக்கு மேல் பழுக்கத் தொடங்கும். பிளேன் ஷாம்பாஞ் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் வாளியோடு குடும்பம் குடும்பமாக நிற்பதைப் பார்க்கலாம். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்புப் பழம். உப்பும் மிளகாயும் தொட்டு வாயில் போட்டால் புளிப்பு காதுவரை ஏறும். சாலையோரத்தில் பொட்டலம் கட்டியும் விற்பார்கள். நமக்குப் பிடித்தது போலவே குரங்குக்கும் பிடிக்கும், பன்றிக்கும் பிடிக்கும், பறவைக்கும் பிடிக்கும். ஒவ்வொரு பழத்திலும் சின்னச் சின்னதாக எத்தனையோ விதை. தின்ற ஒவ்வொன்றும் காட்டுக்குள் போய் எருவோடு சேர்த்து விதைத்துவிட்டு வரும்.

அந்தக் கொய்யாத் தோப்புக்குள் குனிந்து பார்த்தால் விஷயம் புரியும். மழமழவென்று பட்டை உரிந்த மெல்லிய தண்டுகள், கையை நுழைக்க முடியாத நெருக்கம். உள்ளே வெளிச்சம் இறங்காது. தரையில் முளைத்திருப்பதும் கொய்யாக் கன்றுதான். சொந்தக் காட்டு மரத்தின் விதை அங்கே விழுந்தால் முளைக்கலாம், வளர முடியாது. அதன் வேகம் மெதுவானது. நூறு இருநூறு வருடம் வாழப்போகும் மரத்துக்கு அவசரம் எதற்கு? கொய்யாவுக்கு அவசரம் உண்டு. தன் ஊரில் தன்னைத் தின்ற பூச்சிகளையும் நோய்களையும் அங்கேயே விட்டுவிட்டு வந்த சௌகரியமும் உண்டு.

நமக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமான உதாரணங்கள் இருக்கின்றன. சொல்லவே சங்கடம். பழந்தமிழ்ப் பாட்டில் வரும் குருக்கத்தியை, அதுதான் மாதவிக்கொடியை, நமக்குத் தெரியும். வெள்ளையும் மஞ்சளுமாக, ஓரம் கிழிந்த பட்டுத்துணி போலப் பூக்கும், மணக்கும். இங்கே மலைச்சரிவுகளில் அது மரத்தின் மேலேறிப் போர்வை போல மூடி, அடியிலிருப்பதை வெயிலில்லாமல் சாகடிக்கிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் சீனக் கொய்யாவும் இருக்கிறது, குருக்கத்தியும் இருக்கிறது. இலங்கைப் பக்கத்திலிருந்து வந்த பிரிவெட் என்ற புதர்மரமும் இருக்கிறது. அந்தப் பிரிவெட்டின் சின்னக் கருநீலப் பழங்களைத் தின்று பரப்புவது யார் தெரியுமா? நம்மூர் செம்மீசைச் சின்னான். கொண்டை வைத்த அந்தக் குருவி 1892-ல் இங்கே வந்தது, இங்கே அதற்குக் 'கொந்தே' என்று பெயர். ஆசியாவில் ஒன்றை ஒன்று அறிந்த பழமும் பறவையும் இங்கே மறுபடி கைகோத்துக்கொண்டன.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "அயல்", "ஆக்கிரமிப்பு" என்ற சொற்களைக் கேட்டதும் சிலருக்கு மனிதர்கள் ஞாபகம் வந்துவிடுகிறது. நம் முன்னோர் 1730-களில் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களாகவும் தச்சர்களாகவும் வந்தார்கள். 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இந்தத் தீவில் யாருமே பூர்வகுடி இல்லை. எல்லா மனிதரும் ஒரே இனம். செடிக்குப் பயன்படும் இந்தச் சொற்களை மனிதர்மேல் ஏற்றுபவர் உயிரியலைப் பேசவில்லை, வேறு எதையோ பேசுகிறார்.

நல்லது செய்யப் போய்

எல்லாம் தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. வெட்டுக்கிளியை ஒழிக்க 1762-ல் இந்தியாவிலிருந்து மைனாவை வரவழைத்தார்கள். அது வெட்டுக்கிளியையும் தின்றது, அப்புறம் சொந்தப் பறவைகளின் கூட்டுப் பொந்துகளையும் பிடித்துக்கொண்டது. 1899-ல் பிளேக் வந்தது. எலியைப் பிடிக்க 1900-ல் கீரியைக் கொண்டுவந்தார்கள். கீரிக்கு எலியைவிடச் சுலபமாகக் கிடைத்தது தரையில் இருந்த பறவையும் முட்டையும். பிரச்சினைக்கு ஒரு விலங்கை ஏவினால், அந்த விலங்குக்கு நம் பிரச்சினை என்னவென்று தெரியாது. அவ்வளவுதான்.

அம்மியும் குழவியும்

இனி கொஞ்சம் ஆழமான பகுதி. நம் வீட்டு அம்மியை இங்கே 'ரோஷ் கறி' என்போம், குழவிக்குப் பெயர் 'பாபா'. குழவி தொலைந்துபோனால் அம்மி என்ன ஆகும்? உடையாது, தேயாது, அதே இடத்தில் கிடக்கும். பார்ப்பவர்களுக்கு அம்மி இருக்கிறது. ஆனால் மசாலா அரைபடாது.

காட்டிலும் இப்படித்தான். பழம் காய்க்கும் மரம் அம்மி. அந்தப் பழத்தைத் தின்று, விதையை வேறிடத்தில் போடும் உயிர் குழவி. இந்த வேலைக்கு விதைப் பரவல் என்று பெயர். தாய்மரத்தடியிலேயே விழும் விதைக்கு நிழலும் நெருக்கடியும் பூச்சியும்தான் மிஞ்சும். யாராவது தூக்கிப் போக வேண்டும். மொரீஷியஸில் அந்த வேலையைச் செய்தவை ராட்சத ஆமைகள், கிளிகள், டோடோ, வௌவால்கள். ஆமைகளைக் கப்பல்காரர்கள் உயிருள்ள இறைச்சியாக அடுக்கிக்கொண்டு போனார்கள், பல மாதம் தீனி இல்லாமல் கிடக்கும் என்பதால். இங்கே இருந்த இரண்டு வகை ஆமைகளும் அழிந்தன. டோடோ போனது, பெரிய கிளி போனது. அம்மிகள் மட்டும் நிற்கின்றன.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் "தம்பலகோக் கதைதானே?" என்பார். 1977-ல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டான்லி டெம்பிள் ஒரு கட்டுரை எழுதினார். தம்பலகோக் மரத்தின் கொட்டை டோடோவின் வயிற்றில் அரைபட்டால்தான் முளைக்கும், டோடோ போய் 300 ஆண்டு ஆனதால் கிழட்டு மரங்கள் 13 மட்டுமே மிச்சம் என்றார். வான்கோழிக்கு 17 கொட்டை கொடுத்தார், 3 முளைத்தன. உலகமே அதை நம்பியது. பிறகு பார்த்தால் 13-க்கும் அதிகமான மரங்கள் இருந்தன, 300 வயதாகாத மரங்களும் இருந்தன. கொட்டை யார் வயிற்றுக்குள்ளும் போகாமலும் முளைத்தது. கதை அழகாக இருந்ததால் பிழைத்துக்கொண்டது, இன்றும் பாடம் நடத்துகிறார்கள். உண்மை அவ்வளவு அழகில்லை. பழம் பழுக்கும் முன்பே குரங்கு பறித்துப் போடுகிறது. விழுந்ததைப் பன்றி கிளறுகிறது. முளைத்ததைக் கொய்யா அமுக்குகிறது. ஒரு சாவிக்கு ஒரு பூட்டு என்பதுபோல ஒரே காரணம் சொல்ல இங்கே வழியில்லை.

கிழவர்கள் மட்டும் மிஞ்சிய சில கிராமங்கள் உண்டு. வீடுகள் இருக்கும், திண்ணையில் ஆட்கள் இருப்பார்கள், பள்ளிக்கூடம் மூடியிருக்கும். ஊர் இன்று காலியாகவில்லை. ஆனால் கணக்கு முடிந்துவிட்டது. பெரிய மரங்கள் நின்றும் கன்றுகள் இல்லாத காடும் அப்படித்தான். நடந்துவிட்ட தவறுக்கான அழிவு, மெதுவாகப் பின்னால் வந்து சேர்வதை அழிவுக் கடன் என்கிறார்கள். நேற்றுவரை காடு நன்றாகத்தானே இருந்தது என்று சொல்பவர்கள் கடன் வாங்கிய தேதியைப் பார்ப்பதில்லை.

சுருக்கினால், ஓர் இனம் போகும்போது அது செய்துவந்த வேலையும் கூடவே போகிறது. வேலை நின்றது நமக்குத் தெரிய நூறு வருடம்கூட ஆகலாம்.

மிச்சமிருக்கும் குழவியோடு ஒரு சண்டை

எங்கள் மாமா வீட்டில் ஒரு லிச்சி மரம். நவம்பர் வந்தாலே மாமாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். இருட்டியதும் வௌவால் இறங்கும். காலையில் மரத்தடி முழுக்கப் பாதி கடித்த பழம். "இதுங்களை எல்லாம் சுட்டுத் தள்ளணும்" என்பார். 2015, 2016, 2018 ஆண்டுகளில் அரசே ஆயிரக்கணக்கில் சுடவும் செய்தது. 2018-ல் அந்த வௌவால் அருகிவரும் இனங்களின் பட்டியலுக்குப் போனது.

மாமாவின் நஷ்டம் பொய்யில்லை. ஆனால் கணக்கின் மறுபக்கம் இருக்கிறது. பெரிய பழங்களைத் தூக்கிக்கொண்டு பறக்க இந்தத் தீவில் மிச்சமிருக்கும் சொந்தக் குழவி அந்த வௌவால்தான். காட்டில் அதன் தீனியைக் கொய்யா அமுக்கிவிட்டது, அது லிச்சிக்கு வருகிறது. லிச்சியும் வந்த மரம், நட்டவரும் வந்தவர்கள், வௌவால் மட்டும்தான் வீட்டுக்காரர். இதைச் சொல்லி மாமாவிடம் நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. இப்போது மரத்துக்கு வலை போட்டிருக்கிறார். வௌவாலை மன்னித்துவிட்டார் என்று இதற்கு அர்த்தமில்லை.

சும்மா விட்டாலே போதாதா?

"இயற்கையை அதன் போக்கில் விட்டால் தானே சரியாகிவிடும்" என்பது நான் அதிகம் கேட்கும் வாசகம். சில ஊரில் சரியாக இருக்கலாம். இங்கே விட்டால் வருவது கொய்யாவும் பிரிவெட்டும்தான். போக்கையே நாம் மாற்றி வைத்துவிட்டு, போக்கில் விடுவோம் என்றால் எப்படி?

1994-ல் அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவுக்குள் சில பகுதிகளை வேலி போட்டு, பன்றியும் மானும் நுழையாமல் தடுத்து, ஆக்கிரமிப்புச் செடிகளை ஆட்கள் கையால் பிடுங்கியும் வெட்டியும் எடுக்கிறார்கள். ஒருமுறை எடுத்தால் போதாது. மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும், வெளியிலிருந்து கொந்தே புதிதாகக் கொண்டுவந்து போடும். திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். குரங்குக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை. காட்டைக் காப்பது என்றால் துப்பாக்கியோடு காவலர் நிற்பதை நினைக்கிறோம். இங்கே அது பெரும்பாலும் களையெடுப்பு. கரும்புத் தோட்டத்தில் நம் பாட்டன் செய்த அதே முதுகு வளையும் வேலை.

வடக்கே ரவுண்ட் ஐலண்ட் என்ற சின்னத் தீவில் முயலும் ஆடும் மேய்ந்து மண்ணே கரைந்தது. அங்கே மட்டும் வாழ்ந்த மலைப்பாம்பு போன்ற ஒரு பாம்பு 1975-க்குப் பிறகு கண்ணில் படவில்லை. ஆடுகளை 1979-லும் முயல்களை 1986-லும் முழுதாக அகற்றினார்கள். பனை வகைகளின் கன்றுகள் தலைதூக்கின. கூடவே களையும் தலைதூக்கியது, ஏனென்றால் முயல் களையையும்தான் தின்றுகொண்டிருந்தது. கெடுத்ததை எடுத்துவிட்டால் பழையது அப்படியே திரும்பிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. மொரீஷியஸின் சின்ன வல்லூறு 1974-ல் காட்டில் 4 மட்டுமே இருந்ததாக அறியப்பட்டது. இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் 10 அளவுக்கு இறங்கியது. இரண்டும் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் அவரோடு இருந்தவர்களும் முட்டையை எடுத்து அடைகாத்து, குஞ்சுக்கு ஊட்டி, எலியைப் பிடித்து, தீனி வைத்து மீட்டார்கள். அந்தத் தீனித் தட்டு இன்னும் எடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாற்றுக் குழவி

தொலைந்த குழவிக்குப் பதில் வேறொரு உருண்டைக் கல்லால் அரைக்க முடியாதா? மாயேபூர் அருகே, கரையிலிருந்து படகில் சில நிமிடத்தில் இருக்கிறது இல் ஓ எக்ரெத். 26 ஹெக்டேர் பவளத் தீவு. எலியையும் பூனையையும் அங்கிருந்து அகற்றி, களையெடுத்து, 2000-ஆம் ஆண்டில் செஷல்ஸின் அல்டாப்ராவைச் சேர்ந்த ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஓர் அயல் இனம். மைனா, கீரிக் கதையைக் கேட்டவர்களுக்குப் பயம் வருவது நியாயம். ஆனால் ஆமை மெதுவாகப் பெருகும், மெதுவாக நடக்கும். தொல்லை கொடுத்தால் தூக்கி வந்துவிடலாம். கீரியை அப்படித் தூக்க முடியாது.

அந்தத் தீவில் ஒரு கருங்காலி வகை உண்டு, நம்மூர்க் கருங்காலிக்குச் சொந்தம். அதன் பழம் மரத்தடியிலேயே விழுந்து குவிந்துகொண்டிருந்தது. ஆமைகள் வந்த பிறகு, தாய்மரம் இல்லாத இடங்களிலும் கன்றுகள் முளைத்தன. ஆமையின் வயிற்றுக்குள் போய்வந்த விதை இன்னும் நன்றாக முளைப்பதையும் கண்டார்கள். டோடோவும் வான்கோழியும் கதையில் செய்ததை இங்கே ஆமை நிஜத்தில் செய்கிறது.

நாங்கள் போனபோது பாதையை மறித்துக்கொண்டு ஒன்று படுத்திருந்தது. சென்னை நண்பர் அதன் ஓட்டைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தவர், பக்கத்தில் காய்ந்து கிடந்த அதன் சாணத்தைப் பார்த்து நின்றுவிட்டார். வைக்கோல் உருண்டை போல இருந்த அதைப் பிளந்துகொண்டு மூன்று முளை, ஒவ்வொன்றும் விரல் நீளம். விதையின் கருப்புத் தோல் ஒன்றின் தலையில் இன்னும் தொப்பி போல ஒட்டியிருந்தது. "இது என்ன செடி?" என்றார். வழிகாட்டி சொன்னார், கருங்காலி. ஆமை கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தது, எழுந்து, நாங்கள் வந்த வழியே நடக்கத் தொடங்கியது.